விட்ட இடத்திலிருந்து

என்னிடம் ஒரு சிடி இருக்கிறது. அதில் ஒரே படம் இரண்டு அளவில் இருக்கிறது. சின்னப் படத்தின் தேதி 1999 ஜூலை 14. பெரிய படத்தின் தேதி ஜூலை 26. இரண்டுக்கும் நடுவில், ஜூலை 22 வியாழக்கிழமை காலையில், சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு பொய் சொன்னேன். பெரிய படம் எப்போதோ தயாராகிவிட்டது என்றேன். கூட வேலை பார்த்த பெண் தவறுதலாகச் சின்னதை அனுப்பிவிட்டாள் என்றேன். அன்றைக்குப் பெரிய படம் என்று ஒன்று இல்லவே இல்லை. கோப்பின் தேதியைப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் பெயரை ஒரு தடவை கெடுத்தது போதும். மற்றதை எல்லாம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அச்சகத்தில் டிசைனர். பட்டாசு லேபிள், கிஃப்ட் பாக்ஸ் மேலட்டை, காலண்டர், இவைதான் வேலை. சிவகாசியில் லேபிள் என்பது சின்ன விஷயம் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது 1920-களில். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் இந்த ஊரில் அச்சுத் தொழில் வேர்பிடித்தது. பெட்டிக்குள் இருக்கும் வெடி வெடிப்பதற்கு முன்னால் கடைக்காரர் கண்ணில் படுவது எங்கள் வேலைதான். அந்தப் பெருமை எனக்கு அளவுக்கு மேல் இருந்தது.

கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில்தான் மோரே என்ற மென்பொருளை முதலில் பார்த்தேன். லுட்ஸ் கிரெட்ஷ்மர் என்ற ஜெர்மானியர் எழுதியது. அது வடிவங்களை அடுக்கும் கருவி. திரையில் நான்கு கட்டங்கள்: மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, கேமரா வழியாக. கம்பியால் கட்டிய கூடு மாதிரி எல்லாம் தெரியும். உருளை, கூம்பு, உருண்டை, வளையம். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் குடைந்து எடுக்கலாம். அடுக்கி முடித்தபின் அதை போவ்-ரே என்ற இன்னொரு மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அது இலவசம். டேவிட் பக் என்பவர் அமிகா கணினியில் எழுதிய நிரலில் தொடங்கி, ஆர்வலர்கள் கூடி வளர்த்தது. அதுதான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கண்ணிலிருந்து ஒரு கதிரை உள்ளே அனுப்பும். அது எதில் மோதுகிறது, எங்கே தெறிக்கிறது, விளக்கு வெளிச்சம் அங்கே வருகிறதா, நிழல் விழுகிறதா என்று பார்க்கும். பார்த்துவிட்டு அந்த ஒரு புள்ளிக்கு நிறம் கொடுக்கும். பிறகு அடுத்த புள்ளி.

எங்கள் ஊருக்கென்றே செய்த கருவி மாதிரி எனக்குப் பட்டது. ராக்கெட் என்றால் உருளை மேல் ஒரு கூம்பு. புஸ்வாணத்துக்கு ஒரு கோட்டை வளைத்துக் கொடுத்தால், குயவர் சக்கரத்தில் சுற்றுவதுபோலச் சுற்றி உருவம் ஆக்கிவிடும். தரைச்சக்கரம், அணுகுண்டு எல்லாமே அடிப்படை வடிவங்கள்தான். பளபளவென்ற கருப்புத் தரையில் இவற்றை நிறுத்தி, பின்னால் நீல வானம் வைத்து, தங்கத்தில் 2000 என்ற எண்ணை நிறுத்தினேன். தரையில் அந்தத் தங்கம் தலைகீழாகத் தெரிந்தது. அச்சகமே வந்து என் பின்னால் நின்று பார்த்தது.

மோரே ஷேர்வேர். எடுத்துப் பயன்படுத்திப் பார், பிடித்துப்போய்த் தொடர்ந்து வைத்துக்கொண்டால் எழுதியவருக்குப் பணம் அனுப்பு என்பது அதன் முறை. 1982-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் போன்றவர்கள் தங்கள் நிரல்களை இப்படிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் கிடையாது, கடை கிடையாது. வாங்குகிறவன் சொல்லை நம்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளி கழிந்து தாரேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் லோடு பேப்பர் இறங்குகிற ஊர் இது. அந்த வார்த்தை தவறினால் என்ன பெயர் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மென்பொருள், பணம் கட்டிப் பதிவு செய்யவேண்டும், எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றேன். உண்மையான விலையைவிடக் கூட்டித்தான் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். “அதை எழுதுனவருக்குத்தான போகுது?” ஆமாம் என்றேன். பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். “டாலர்ல டிராப்ட் எடுக்கணும்னா பேங்க்ல நான் சொல்றேன்” என்றார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பணம் ஜெர்மனிக்குப் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பழைய டிவிஎஸ் சாம்ப் வாங்கினேன். மதுரையில் ஒரு நண்பனிடம் மோரேயின் பதிவுக்கு ஒரு கள்ளச்சாவி இருந்தது. அதைப் போட்டேன். பதிவு செய்யச் சொல்லி வந்துகொண்டிருந்த அறிவிப்பு நின்றது. எனக்கு வீட்டில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மருந்து, தங்கைக்குக் கல்யாணம் என்று எந்தக் காரணமும் இல்லை. வண்டி வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. திருத்தங்கல்காரி. பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்து டைப் அடிக்கக் கற்றிருந்தாள். அவள் அம்மா பட்டாசு ஆபீஸில், அதாவது ஆலையில், வேலை பார்த்தவர். மகள் அந்த வேலைக்கு வரக்கூடாது என்று அவர் எங்கள் முதலாளியைப் பார்த்துக் கேட்டுச் சேர்த்துவிட்ட இடம்தான் எங்கள் டிடிபி அறை. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு போவ்-ரேயின் உதவிக் குறிப்புகளைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு படிப்பாள். நான் அதைப் படித்ததே கிடையாது. பொத்தான்களை அமுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அவள் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த பயத்தை நான் அதட்டலாக மாற்றிக்கொண்டேன்.

கிஃப்ட் பாக்ஸ் மேலட்டை 15 அங்குலத்துக்கு 10 அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4500-க்கு 3000. ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் புள்ளிகள். நான் எல்லாருக்கும் காட்டிக் கைதட்டு வாங்கிய படம் 640-க்கு 480. மூன்று லட்சத்துச் சொச்சம். அந்தச் சின்னப் படத்துக்கே எங்கள் மெஷினில் ஐம்பது நிமிஷம் ஆனது. பெரியது அதைப்போல் நாற்பத்து நான்கு மடங்கு. ஒன்றரை நாளுக்கு மேல் கணினி நிற்காமல் ஓடவேண்டும். இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டு என் மேஜையில் வைத்தது அவள்.

நான் அதைப் புறங்கையால் தள்ளினேன். ஜூலை 14-லிருந்து நான்கு நாள், வந்தவர் போனவருக்கெல்லாம் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உருண்டை ஒன்றைச் சேர்ப்பேன். எடுப்பேன். பிறகுதான் பெரிய படத்தை ஓடவிட்டேன். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கும். முதல் இரவு பாதி வானம் வந்திருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் பதினைந்து நிமிஷம் தாங்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த நாள் தங்க எழுத்தின் தலை தெரிகிற நேரத்தில் மறுபடி போனது.

அப்போது அவள் வந்தாள். கையில் ஒரு நோட்டு.

“அண்ணே, நின்ன படத்தை விட்ட எடத்துலேருந்து தொடரலாம்னு போட்டுருக்கு. ஒரு குறி குடுத்தாப் போதும். வந்த வரிக வரைக்கும் அப்படியே வச்சுக்குமாம்.”

அது உண்மை. போவ்-ரேயில் அந்த வசதி உண்டு. எனக்குத் தெரியாது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“நீ கடிதாசு டைப் அடிக்கிற வேலையைப் பாரு” என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

அட்டைக்கு ஆர்டர் தந்த பட்டாசு பார்ட்டிக்குக் கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. முடியவில்லை, இரண்டு நாள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பணம் கட்டி வாங்கிய மென்பொருளாச்சே, எழுதினவரிடமே கேட்டுப் பாரேன் என்பார். மோரேக்கும் போவ்-ரேக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. பணம் கட்டினேனா என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்தும் வந்துவிடக்கூடாது என்பதே என் கவலை. எட்டாயிரத்தை மறைக்கத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

சின்னப் படத்தை போட்டோஷாப்பில் ஏழு மடங்கு இழுத்துப் பெரிதாக்கினேன். கொஞ்சம் மங்கலாக்கினேன். மேலே மணல் தூவியதுபோல் புள்ளி போட்டேன். பதினைந்து அங்குலத் திரையில் சுருக்கிப் பார்த்தால் தெரியாது. அவள் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, இது சின்னதாச்சே. உடைஞ்சிராதா?”

“உடையாது. பாசிட்டிவுக்கு அனுப்பு.”

பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்க அனுப்பியது அவள் கைதான். அனுப்பச் சொன்னது நான்.

ஃபோர்மேன் ப்ரூஃப் கேட்டார். நேரமில்லை, நேராக மெஷினில் ஏற்றுங்கள், பொறுப்பு என்னுடையது என்றேன். பொறுப்பு என்ற சொல்லை அன்றைக்கு நான் சொன்னது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு ஒருநாள் அதைத் திருப்பிச் சொன்னார்.

இருபதாயிரம் தாள் இரவோடு இரவாக ஓடியது. காலையில் போனபோது மெஷின் பக்கம் யாரும் பேசவில்லை. ஒரு தாளை எடுத்தேன். தங்க எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாக இருந்தது. ராக்கெட் படிக்கட்டு மாதிரி ஏறியது. திரையில் அத்தனை அழகாக இருந்த நீலம் செத்த ஊதாவாகக் கிடந்தது. திரையின் நீலம் எல்லாம் மையில் வராது என்பது டிசைனருக்கு அரிச்சுவடி. கருப்புத் தரை அதைவிட மோசம். நான்கு நிறமும் அங்கே அளவுக்கு மீறி விழுந்து, மை காயாமல், ஒரு தாளின் கருப்பு அடுத்த தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. மெஷின்மேன் தாள்களைப் பிரித்தபோது கிழிகிற சத்தம் கேட்டது. ப்ரூஃப் போட்டிருந்தால் ஒரே தாளில் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

பட்டாசு பார்ட்டி வந்தார். பார்த்தார். வேண்டாம் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை.

“என்னப்பா இது? யாரு பண்ணது?”

ஒரு மூச்சு நேரம் இருந்தது. என்னைச் சுற்றி ஃபோர்மேன், மெஷின்மேன், பார்ட்டி, கட்டிங் பையன், கதவோரம் அவள். நான் பண்ணியது மொதலாளி என்ற மூன்று சொல் வாய்வரை வந்தது. அதற்குப் பின்னால் எட்டாயிரமும் வரும் என்று தோன்றியது. வண்டி வெளியே நிழலில் நின்றுகொண்டிருந்தது.

“பெரிய ஃபைல் ரெடியா இருக்கு மொதலாளி. இந்தப் புள்ள தப்பா சின்ன ஃபைலை அனுப்பிருச்சு.”

அவள் “அண்ணே” என்றாள். அந்த ஒரு சொல்தான். கேள்வியாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நம்பிய குரல். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

அப்ப பெரிய ஃபைலை அனுப்பு என்றார் முதலாளி. நிறத்தையும் சரிசெய்து திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.

இதற்குப் பிறகு செய்ததை எழுதுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அன்று மாலை அவள் போனபின் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அந்த நோட்டு இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் குறி எது, எங்கே கொடுக்கவேண்டும் என்று குண்டு குண்டான எழுத்தில், தமிழில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்து ஓடவிட்டேன். மானிட்டரை அணைத்து மேலே துணி போட்டு மூடினேன். அந்த நான்கு நாளில் மூன்று தடவை கரண்ட் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுதியபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஜூலை 26 திங்கட்கிழமை விடிகாலையில் கடைசி வரி இறங்கியது. என் பொய்க்கு வேண்டிய சாட்சியை அவள் எழுத்தை வைத்தே செய்துகொண்டேன்.

அதற்குள் அவள் அங்கே இல்லை. சனிக்கிழமை சம்பள நாள். அந்த வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு கணக்கை முடித்தார்கள். முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். இருபதாயிரம் தாளை இழந்தவர் அவர். என் சொல்லை நம்பினார். அந்த வாரம் பெட்டி ஒட்டும் பெண்களுக்கு ஒட்ட அட்டை வரவில்லை. ஒட்டின கணக்குக்குத்தான் அவர்களுக்குக் கூலி. அவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டதே இல்லை.

இரண்டாவது அச்சு நன்றாக வந்தது. பார்ட்டி என் தோளில் தட்டினார். அந்தத் தீபாவளிக்கு விருதுநகர் கடைவீதியில் என் பெட்டியை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கக் கூடாது. சந்தோஷப்பட்டேன்.

அவள் இன்னும் சில டிடிபி சென்டர்களில் கேட்டிருக்கிறாள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தாள் வீணானால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். யாரால் என்பதும் தெரியும். யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் பட்டாசு ஆபீஸுக்குப் போய்விட்டாள் என்று ஃபோர்மேன் சொன்னார். பேக்கிங் பிரிவு. சொல்லிவிட்டு, “பொறுப்பு என்னுதுன்னு நீதான் சொன்ன” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது. ஒவ்வொரு தடவை எங்கள் பக்கம் ஏதாவது ஆலையில் விபத்து என்று செய்தி வரும்போதும் இறந்தவர்கள் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரைத் தேடுவேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது அந்தப் பட்டியல் முழுதாக வரும்வரை தூங்கவில்லை. அவள் பெயர் இல்லை. அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. பயம்தான். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையைவிட, அவள் முகத்தைப் பார்க்கவேண்டிவருமே என்ற பயம்.

நடுவில் ஒரு தடவை பார்த்தேன். 2004-ல், சாத்தூர் ரோட்டில், ஆலை வேனுக்காக நின்ற பெண்களோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் டீக்கடைக்குள் நுழைந்து பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். வேன் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

மோரேயின் உரிமையை 2007-ல் போவ்-ரே குழுவே வாங்கிக்கொண்டது. அதற்குப்பின் அது வளரவில்லை. என் பணம் போயிருந்தால் வளர்ந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். கொடுக்காதவர்களில் நானும் ஒருவன். முதலாளி இப்போது உயிரோடு இல்லை. எட்டாயிரத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்குப் பல வருஷம் இருந்தது. சொல்லவில்லை. போன வருஷம் அவர் மகனிடம் அந்தத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம், ஆடி மாதம், காலையில் திருத்தங்கலில் வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். அவள் நின்றிருந்தாள். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் செய்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பணம், கள்ளச்சாவி, பொய், இழுப்பறை, நோட்டு. மற்றப் பெண்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளிப்போய்ப் பேசலாமா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும்தானே சொன்னேன்.

அவள் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற பேச்சு அவளிடமிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. வேன் திருப்பத்தில் தெரிந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

“அண்ணே, விட்ட எடத்துலேருந்து தொடந்தப்ப, சேந்த எடத்துல கோடு கீடு தெரிஞ்சுச்சா?”

“இல்ல” என்றேன். “தெரியவேயில்ல.”

தலையை ஒரு தடவை ஆட்டினாள். வேனில் ஏறினாள்.